முகமூடிக் கடையில்

வெனிஸ் நகரைச் சுற்றிப் பார்க்க வந்த வதனி, பள்ளித் தோழி கௌசியின் வீட்டில் தங்கியிருந்தாள். கௌசியின் கணவர் சிவரூபன் காலையில் புட்டு அவித்துக் கொடுத்துவிட்டு, பாலங்களையும் தேவாலயங்களையும் பொறுமையாகக் காட்டுவார். கடைசியாக ஒரு முகமூடிக் கடைக்குக் கூட்டிப்போனார்.

கௌசி விளையாட்டாக ஒரு வெள்ளை முகமூடியைக் கணவரின் முகத்தில் கட்டினாள். அளவு சரியா என்று கடைக்காரி கேட்டாள். அவர் தலையை இடப்பக்கம் சாய்த்து, ஒரே ஒரு முறை மெல்ல ஆட்டினார்.

அந்தத் தலையாட்டலை வதனி முன்பே பார்த்திருந்தாள். போர்க்காலத்தில் இராணுவம் ஊரைச் சுற்றிவளைத்த நாளில், பள்ளி மைதானத்தில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். இராணுவ ஜீப்புக்குள் கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்ட சாக்கைத் தலையில் அணிந்திருந்தவன், அவள் தம்பியைப் பார்த்து இப்படித்தான் தலையாட்டினான். கொண்டுபோன தம்பி திரும்பவேயில்லை.

முடிச்சை அவிழ்க்கப்போன சிவரூபனின் கையை வதனி இறுக்கிப் பிடித்தாள்.

“கழட்டாதேங்கோ அண்ணை. என்ரை தம்பி குகதாசனை ஆமிக்குக் காட்டிக்குடுத்தது நீங்கள்தானே?”

“என்னடி விசர்க்கதை கதைக்கிறாய்?” என்றாள் கௌசி.

“நான் உன்னைக் கேக்கேல்லை. அவர் தலையாட்டட்டும். அது அவருக்குப் பழக்கம்தானே.”

கௌசி சிரித்தபடியே கணவரிடம் திரும்பினாள். “இல்லையெண்டு தலையாட்டுங்கோவன்.”

முகமூடி அசையவில்லை. கௌசியின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிவதை, கண்ணிமைக்காமல் ஆசைதீரப் பார்த்துக்கொண்டு நின்றாள் வதனி.