காளான் போலீஸ்

எண் ஏறிக்கொண்டே போனது. ஸ்தெபா கருவியை ஒரு தட்டு தட்டிப் பார்த்தாள். அது அடங்குவதாக இல்லை.

"வாத்தியாரே, பாக்கெட்ல ஏதாவது வச்சிருக்கீங்களா?"

விகென்தி சார் இரண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்துக் காட்டினார். ஒரு சாக்பீஸ் துண்டுதான் விழுந்தது.

நாற்காலியைத் துடைத்துவிட்டு மறுபடி உட்காரச் சொன்னாள். அசையாமல் உட்கார்ந்தார். மறுபடியும் அதே எண். காலையிலிருந்து பள்ளிக்கூடமே அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருந்தது. யாருக்கும் இதில் பாதிகூட வரவில்லை.

ஸ்தெபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராதா பின்னே? அணு உலை வெடித்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இந்தப் பக்கத்துக் காட்டுக் காளானில் மட்டும் கதிர்வீச்சு குறைந்தபாடில்லை. இலையுதிர் காலம் வந்தால் அவள் இந்த நாற்காலியை வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிடுவாள். உட்கார்ந்தவர் உடம்புக்குள் கதிர்வீச்சு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அது சொல்லிவிடும். போகிற இடமெல்லாம், காளான் தின்னாதீர்கள் என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவாள்.

அவளுக்கும் மேலே கத்துகிற ஒரே ஆள் விகென்தி சார்தான். மதிய மணி அடித்ததும் வகுப்பு வகுப்பாகப் போய்ச் சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்து பார்ப்பார். காளான் இருந்தால் டப்பாவோடு பறிமுதல். பிள்ளைகள் வைத்த பெயர் காளான் போலீஸ். அந்தப் போலீஸ்தான் இப்போது கையும் களவுமாக மாட்டியிருக்கிறார்.

"காளான் சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"எப்பவாவதா?"

"தினமும்தான். அது கிடக்கட்டும், மூணாம் வகுப்பு ஸ்லாத்தாவுக்கு எவ்வளவு வந்துச்சு?"

"போன வருஷத்துக்குப் பாதியாக் குறைஞ்சிருக்கு. ஊருக்கு உபதேசம் பண்ண மட்டும் நல்லா வருது உங்களுக்கு."

வாயெல்லாம் பல்லாக வேனிலிருந்து இறங்கிப் போனார். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஸ்தெபாவுக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

விஷயம் காதுக்கு எட்டியதும் தலைமையாசிரியை ரயீசா வேனுக்கே வந்துவிட்டார். போன வருஷம் பள்ளியில் இலவசச் சாப்பாட்டை நிறுத்தியதிலிருந்து பிள்ளைகள் வீட்டிலிருந்து டப்பா கொண்டு வருகிறார்கள். எவ்வளவு கத்தியும் ஒன்றிரண்டு டப்பாவில் இன்னும் காளான் வருகிறது.

"பிள்ளைங்ககிட்டப் பிடுங்கினதை ரூம்ல உட்கார்ந்து இவரே தின்னிருக்கார். நான் குப்பையில கொட்டுறார்னு நினைச்சேன், ஸ்தெபா."

சாயங்காலம் பெற்றோர் கூட்டம் இருந்தது. அங்கே இதைப் போட்டு உடைத்துவிடுவதாக ரயீசா சொன்னார். உடைத்தால் அந்த மனிதர் வேறு ஊர் பார்த்துப் போக வேண்டியதுதான். சொன்னவரே தின்றார் என்றால் நாளைக்கே எல்லா டப்பாவிலும் காளான் வந்துவிடும். ஆனாலும் பிள்ளைகளின் வாயில் இருந்ததைப் பிடுங்கித் தின்றவரை எப்படி விடுவது? விடக் கூடாது என்றுதான் ஸ்தெபாவும் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து உலியானா வந்து நின்றாள். ஸ்லாத்தாவின் அம்மா. புருஷன் வேலைக்கென்று போலந்து போனவன் போனவன்தான். மகளின் எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள்.

"உங்க காளான் போலீஸைக் கொஞ்சம் கூப்பிடுங்க. விஷம் விஷம்னு பிள்ளையைப் பயமுறுத்துறாரே. நான் மதியத்துக்கு உருளைக்கிழங்கு அடையும் காளானும்தான் கட்டிக் குடுக்கிறேன். காட்டை விட்டா எங்களுக்கு வேற என்ன இருக்கு? டப்பா வழிச்சு நக்கின மாதிரி திரும்பி வருது. எண்ணும் குறைஞ்சுதானே இருக்கு? இப்ப என்ன சொல்றாராம்?"

பதில் சொல்லப் போன ஸ்தெபாவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. டப்பா காலி. பிள்ளை உடம்பில் எண் குறைவு. அப்படியானால் அந்தக் காளான் யார் வயிற்றுக்குள் போனது?

ரயீசாவைப் பார்த்தாள். அவர் முகமும் மாறியிருந்தது. அந்தச் சின்னப் பெண் மதியம் பெரிய கறுப்பு ரொட்டியும் பன்றிக் கொழுப்பும் தின்றுகொண்டிருந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறாராம். இந்த வீட்டில் ஏது இவ்வளவு என்று ஆச்சரியப்பட்டதோடு சரி.

சாரிடம் பேசிக்கொள்கிறோம் என்று உலியானாவைச் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு இருவரும் அவர் அறைக்குப் போனார்கள்.

"உங்க ரொட்டியைக் குடுத்துட்டு அவ டப்பாவை வாங்கிக்கிறீங்க. அதானே?" என்றார் ரயீசா.

விகென்தி சார் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "கூட்டத்துல சொல்லிடாதீங்க. அந்த அம்மா வீட்டு நிலைமை ஊருக்கெல்லாம் தெரிய வேண்டாம். என்னைப் பத்தி என்ன வேணா சொல்லிக்குங்க."

ரயீசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்தெபாவுக்குக் கோபம் முழுதாக இறங்கவில்லை. நல்ல மனுஷன் இப்படித் தன் உடம்பைக் கெடுத்துக்கொண்டாரே என்ற கோபம்.

"ரொட்டியைக் குடுத்தீங்க, சரி. அந்தக் காளானைக் கொட்டிட்டு டப்பாவைக் கழுவிக் குடுக்க வேண்டியதுதானே? எதுக்குத் தின்னீங்க?"

"சாயங்காலம் அந்தப் பிள்ளை டப்பாவை வாங்க வரும்போது, 'இன்னைக்கு எங்கம்மா சமையல் எப்படி இருந்துச்சு சார்'னு ஆசையாக் கேக்குதே. தின்னு பார்க்காம என்னத்தைச் சொல்றது?"