இடது காது

"படிய்யா சீக்கிரம். ராஜா என்ன எழுதியிருக்கார்?"

அரபெல்லா கடிதத்தை நீட்டினாள். மூன்று மணி நாடகத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. லண்டன் நாடகக் கொட்டகையின் பின்கட்டில் வழக்கம்போல் ஆரஞ்சுத் தோல் வாடை.

"அரக்கு முத்திரை உடைஞ்சிருக்கே, அம்மணி?" என்றான் ஹம்ஃப்ரி.

"வண்டி குலுக்கின குலுக்கல்ல நான் உடையாம வந்ததே பெரிசு. அதென்ன அம்மணி? போன வருஷம் வரைக்கும் 'அடியே'ன்னுதானே கூப்பிட்டே?"

"அப்ப நீங்க நடிகை. இப்ப ராஜாவுக்கு வேண்டியவங்க. நாக்கு தானா மடங்குது."

ஹம்ஃப்ரி திரைமறைவில் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவன். எழுத்து வாசனையே இல்லாமல் மேடையேறியவள் அரபெல்லா. அவன் படிக்கப் படிக்கக் கேட்டுத்தான் பாடம் பண்ணுவாள். மேடையில் வசனம் மறந்தால் இடது காதைத் தொடுவாள். உடனே அவன் மெதுவாக எடுத்துக் கொடுப்பான். அந்த ஜாடை அவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவன் அவளை உயிராய் நேசித்தது அவளுக்கே தெரியாது.

ராஜாவிடம் போன பிறகும் கடிதம் வந்தால் அவனிடம்தான் ஓடி வருவாள். ராஜா எழுதுவது இரண்டே வரி. 'வெள்ளிக்கிழமை வா. நீல உடுப்பு போட்டுக்கொள்.' அவள் முகம் வாடிவிடுமே என்று ஹம்ஃப்ரி அதைப் பத்து வரியாக்கிப் படிப்பான்.

இன்றைய கடிதத்தைப் பிரித்தான்.

'சனிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய். இனி அரண்மனைப் பக்கம் வராதே.'

இதை எந்த வாயால் சொல்வது? இடிந்து போய்விடுவாளே. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், இன்று ஒரு நாளாவது சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டான்.

"என்னய்யா, ஊமையாயிட்டே?"

"எழுத்து கிறுக்கலா இருக்கு..." தொண்டையைச் செருமினான். "'என் கண்ணே, நீ இல்லாத மேடையைப் பார்க்கச் சகிக்கவில்லை. வசனம் மறந்து இடது காதைத் தொடுவாயே, அந்த நொடிக்காகவே தினமும் காத்திருந்தேன். எங்கே இருந்தாலும் சிரித்துக்கொண்டிரு. எனக்கு அது போதும்.'"

"காதையா? அதையெல்லாமா ராஜா கவனிச்சார்?"

ஹம்ஃப்ரிக்கு வியர்த்தது. "ராஜாக்களுக்குக் கண்ணு கூர்மை."

"மறுபடி படி."

படித்தான். ஒரு சொல்கூட மாறவில்லை. செய்யும் தொழில் அப்படி. அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"வாசல்ல என் பெட்டி இருக்கு. உள்ளே கொண்டு வாயேன்."

பெரிய இடத்துப் பெண்கள் உடுத்திக் கழித்த பட்டுகளைக் கொட்டகைக்குக் கொடுப்பது வழக்கம்தான். ஆனால் பெட்டியை இழுத்து வருவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது.

"பட்டா, பாறாங்கல்லா?"

"திறந்துதான் பாரேன்."

பேருக்கு ஒரு பட்டுகூட இல்லை. வாணலி, பழைய செருப்பு, தலையணை, போன வருடம் அவள் போர்த்திக்கொண்டு போன ஒட்டுப்போட்ட கம்பளி. ஒரு வீடே காலியாகி வந்திருந்தது. அடியில், சின்னப் பிள்ளைகள் எழுத்துப் படிக்கும் மரப்பலகை, ஓரமெல்லாம் தேய்ந்து கிடந்தது. பக்கத்தில், நாடா கட்டிய ராஜாவின் கடிதங்கள். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும், கோணல்மாணலான எழுத்தில், ஹம்ஃப்ரி இட்டுக்கட்டிப் படித்த அத்தனை வரிகளும் இருந்தன.

"அடியே..." என்றான். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. கை தானாக இடது காதுக்குப் போனது.

"'நீ இல்லாத மேடையைப் பார்க்கச் சகிக்கவில்லை'" என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தாள் அரபெல்லா.