நனைந்த சுவர்

மகனும் மருமகளும் தனிக்குடித்தனம் கிளம்பிவிடக் கூடாது என்றுதான் வசந்தா சென்னீர்குப்பம் வீட்டின் மேலே, முறையாக பிளான் பாஸ் வாங்கி, தனிச் சமையலறையோடு ஒரு போர்ஷன் கட்டினாள். வேலை தொடங்கியபோது, இறந்துபோன கணவர் பரந்தாமனின் முழுக்கைச் சட்டையில் வைக்கோல் திணித்து, மணிக்கட்டில் பொத்தான் போட்டு, திருஷ்டி பொம்மையாக அவளே மாடியில் கட்டிவிட்டாள்.

கத்திரி வெயில். தண்ணீர் விடாவிட்டால் புதுப்பூச்சு வெடித்துவிடும். ஆனால் அவள் காலையில் குடத்தோடு மேலே போகும்போதெல்லாம் சுவர் நனைந்தே இருந்தது. மேஸ்திரி முனியன் விடியலிலேயே வந்து ஊற்றிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான் என்று நினைத்துக்கொள்வாள்.

வேலை முடிந்த அன்று மகன் சுவரைத் தடவிப் பார்த்தான். ஒரு கீறல்கூட இல்லை.

"இங்கயே இருந்துக்கிறோம்மா" என்றான்.

"எல்லாம் உன் கைராசி, முனியா" என்றாள் வசந்தா, கண் கலங்க.

"இன்னாம்மா தமாஷ் பண்றே? நான் வர்றதுக்குள்ள நீதானே தெனம் தண்ணி உட்டுக்கினு கீற! ஒரு மூலை உடல. எங்க ஆளுங்களுக்கே அந்தப் பொறுமை கெடையாது."

முனியன் பொம்மையை அவிழ்த்து இறக்கி வசந்தாவின் முன் கிடத்தினான்.

சட்டையின் இரண்டு கைகளும், பரந்தாமன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போகுமுன் செய்வதைப் போலவே, முழங்கைவரை நேர்த்தியாக மடித்துவிடப்பட்டிருந்தன. மடிப்பு ஈரமாக இருந்தது.

அவள் அதைப் பிரிக்கவில்லை.