நொதியும் ஜோடியும்

ஒரு வயிற்றுக்குள், சிறுகுடல் சுவரை ஒட்டி ஒரு நொதி குடியிருந்தது. சாப்பாட்டில் வரும் புரதச் சங்கிலிகளைத் தண்ணீர் விட்டு அறுத்து, அமினோ அமிலங்களாகப் பிரித்து அனுப்புவதுதான் அதன் வேலை. அந்த வேலையில் அதற்குப் பெருமை அதிகம்.

ஒரு மத்தியானம், துவரம்பருப்பிலிருந்து வந்த சங்கிலி ஒன்றை அறுத்துக்கொண்டே போய்க் கடைசி இரண்டு கண்ணிகளில் நின்றது. லைசின், கிளைசின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன.

"அண்ணே, செடியில காயா இருந்தப்பவே நாங்க சேர்ந்துட்டோம். எங்களைப் பிரிச்சிடாதீங்க" என்று கெஞ்சியது கிளைசின்.

நொதிக்கு மனம் இளகத்தான் செய்தது.

"எனக்கு மட்டும் ஆசையா? ஒத்தையாப் போனாத்தான் குடல் சுவர் வாசல்ல உள்ள விடுவாங்க. உங்க நல்லதுக்குத்தான் செய்யறேன்" என்று சொல்லி அறுத்தது.

லைசின் தசையோடு போய்ச் சேர்ந்தது. கிளைசின் ஈரலில் எரிந்துபோனது. அதற்குப் பிறகு இரண்டும் சந்திக்கவே இல்லை.

குடல் சுவரில் இருந்த வாசல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏன்ப்பா அறுத்தே? ஜோடியா வந்தாலும் நான் உள்ள விடுவேனே. தினமும் விட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றது.

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?" என்று கத்தியது நொதி.

"நீ எப்போ கேட்டே?" என்றது வாசல்.

நொதிக்கு அதுவரை அறுத்த ஜோடிகளெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. அவற்றை நினைக்க ஆரம்பித்தால் இனி ஒரு நாளும் வேலை ஓடாது என்று அதற்குத் தோன்றியது.

சற்று நேரத்தில் இன்னொரு ஜோடி கைகோத்தபடி மிதந்து வந்தது. அவை வாயைத் திறப்பதற்குள் நொதி பாய்ந்து அறுத்துவிட்டது.