சாவிக்கொத்தில் தொங்கியது

ஞானையனுக்கு வலது தோள் கழன்று விழுந்துவிடும்போல வலித்தது.

விடியுமுன்னே அருமனையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய தோள். அதே தோளில் கம்ப்யூட்டர் பெட்டியைச் சுமந்து, கருங்கல் ஊரிலுள்ள தன் ரிப்பேர் கடையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே கடற்கரை ஊரான இனயத்துக்கு வருவது இது மூன்றாவது தடவை.

சகாயசெல்வி வீட்டு மேசையில் பெட்டியை இறக்கி, வயர்களை மாட்டி, சுவிட்சைத் தட்டினான்.

கறுப்புத் திரை. மூலையில் ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டியது.

காலையில்தான் கடையில் ஜோராக ஓடியது. பாட்டுகூடப் பாடியது.

வைரஸ் அரித்துத் தின்ற விண்டோஸைத் துடைத்துப் போட்டு லினக்ஸ் ஏற்றியவன் அவன்தான். இனி கவலையே வேண்டாம் என்றவனும் அவன்தான். அதற்குப் பிறகு இந்த வீட்டில் அது ஒரு நாள்கூட எழும்பவில்லை.

முதல் தடவை கரண்டைக் குற்றம் சொன்னான். அடுத்த தடவை உப்புக்காற்றை. இன்றைக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

"கடையில ஓடுத சாதனம் இங்க வந்தா சாவுது. கடலக் கண்டா இதுக்கும் தல சுத்துமா அண்ணே?" பிள்ளையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு சகாயசெல்வி கேட்டாள்.

கேட்கத்தான் செய்வாள். கத்தாரில் மீன்பிடிக்கும் அவள் மாப்பிள்ளைக்கு வெள்ளிக்கிழமைதான் கரை. பிறந்த பிள்ளையின் முகத்தை அவன் இன்னும் ஸ்கைப்பில்கூடப் பார்க்கவில்லை. போன இரண்டு வெள்ளியையும் இந்தக் கறுப்புத் திரை தின்றது. இன்றும் வெள்ளி.

முதலிலிருந்து ஏற்றித் தொலைப்போமென்று, சாவிக்கொத்தில் தொங்கிய சிவப்புப் பென் டிரைவைக் கழற்றிச் செருகி, மறுபடி சுவிட்சைத் தட்டினான்.

திரை எழுந்தது. கடையில் அவன் வைத்த அதே மாதா படம்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் பூட்லோடர் ஹார்டு டிஸ்கில் ஏறாமல் பென் டிரைவில் ஏறிக் கிடக்கிறது. கடையில் அது எப்போதும் செருகியே இருக்கும். இங்கே வரும்போது பிடுங்கிச் சாவியோடு மாட்டிக்கொள்வான். வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு வாசலை மட்டும் மடியில் முடிந்துகொண்டு போயிருக்கிறான்.

"சவம்" என்று தன்னையே ஏசிக்கொண்டு ஒரு வரி தட்டினான். பூட்லோடர் ஹார்டு டிஸ்குக்கு மாறியது. பென் டிரைவைப் பிடுங்கி மேசையில் எறிந்துவிட்டு மறுபடி சுவிட்சைப் போட்டான். எழுந்தது.

ஸ்கைப்பில் தகப்பன் முகத்தைக் கண்டு பிள்ளை அலறியது. தகப்பன் சிரித்தான்.

சகாயசெல்வி மூக்கைச் சீந்திவிட்டு, மேசையில் கிடந்ததை எடுத்தாள்.

"இது நம்ம பென்னுதானே அண்ணே, அன்னைக்கு படத்த சிடியில போடத் தந்தது? பிள்ளைக்க ஞானஸ்நானப் படமெல்லாம் இதுலதான கெடக்கு. ஸ்டுடியோக்காரன் அவன்கிட்ட உள்ளத அழிச்சுட்டானாம். போடுங்க, இவரும் பாக்கட்டும்."

லினக்ஸ் ஏற்ற வேறு பென் டிரைவ் கிடைக்காத அன்றைக்கு, உள்ளே என்ன கிடக்கிறதென்று பாராமல் ஞானையன் துடைத்துப் போட்டது அதைத்தான்.

"படம் கடையில கெடக்கு தங்கச்சி. அடுத்த வெள்ளிக்குக் கொண்டாரேன்."

கடையில் ஒன்றும் இல்லை. தான் துடைத்தழித்த அந்தப் பிள்ளையின் ஞானஸ்நானத்தை, இனி அவன் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறான்.