சத்தம் போடாதீங்க!

"ஏலே பாண்டி! ஏழாவது வரிசை, மூணாவது கட்டம் கறுப்பு! கேட்டுச்சா?"

"கேட்டுச்சு ஏட்டி! அதுக்கு இடப்பக்கத்துக் கட்டத்துல நான் வாலு வச்சிட்டேன்!" அடுத்த அறையிலிருந்து பதில் வந்தது.

"ஷ்ஷ்! சத்தம் போடாதீங்க! வந்திருக்கிறவிய யாருன்னு தெரியும்ல?" காஞ்சனாவுக்கு அவமானமாக இருந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தவர் கல்வி அதிகாரி தேவஇரக்கம். அவர் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது காஞ்சனாவின் எட்டு மாத உழைப்பு. கல்லூரியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பவள், ஞாயிற்றுக்கிழமைகூடப் பார்க்காமல் பிள்ளைகளுக்காக எழுதிய புரோகிராம். திரையில் பத்துக்குப் பத்து கட்டங்கள். ஒரு கம்ப்யூட்டரில் ஒரு பிள்ளை ஒரு கட்டத்துக்கு வண்ணம் கொடுத்தால், வயர் வழியாகப் போய் அடுத்த கம்ப்யூட்டரிலும் அதே கட்டம் அதே வண்ணமாகிவிடும். இரண்டு பேர் சேர்ந்து ஒரே படம் வரையலாம். 1996-இல் ராஜபாளையத்துப் பிள்ளைகள் அதைக் கண்டதில்லை, அதிகாரிகளும் கண்டதில்லை.

அவர் சரி என்றால் பத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் போகும். வேண்டாம் என்றால் இந்த இரண்டு கம்ப்யூட்டர்களும் நாளைக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசுக்கு, லெட்டர் அடிக்கப் போய்விடும். பிள்ளைகள் மறுபடியும் சிலேட்டுதான்.

மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. வந்ததும் வராததுமாக, "ஒரே ரூம்ல வச்சா ஒருத்தர ஒருத்தர் எட்டிப் பாத்துக்கிடுவாங்க. ஒண்ண அடுத்த ரூமுக்கு மாத்துங்க" என்று சொல்லிவிட்டார். காஞ்சனா அவருக்கு டீ கொடுத்துப் பேசிக்கொண்டிருந்த அரை மணி நேரத்தில், வாட்ச்மேன் கருத்தையாவும் பிள்ளைகளும் ஒரு கம்ப்யூட்டரை மேசையோடு நகர்த்தி வைத்தார்கள்.

படத்தையும் அவரேதான் சொன்னார். "மனப்பாடம் பண்ணி வச்சிருப்பீங்க. அதெல்லாம் வேண்டாம். ஒரு நாய் வரைங்க."

"நம்ம ஊரு நாயா, தெருநாயா சார்?" என்று கேட்டாள் ஐந்தாம் வகுப்பு அழகுத்தாய். நியாயமான கேள்விதானே! அவரே சிரித்துவிட்டார்.

ஆனால் அதற்குப் பிறகு ஆரம்பித்தது பாருங்கள் கத்தல்! மீன் மார்க்கெட் தோற்றது.

"பத்தாவது வரிசை, ஏழாவது கட்டம் கறுப்பு! முன்னங்காலு!"

"ஏட்டி, அதே வரிசை, மூணாவது, நாலாவது கட்டத்துல பின்னங்காலு ரெண்டும் நான் வச்சாச்சு! நீ வேற கட்டத்துல வச்சிராத, அஞ்சு காலு ஆயிரும்!"

காஞ்சனா இந்த அறைக்கும் அந்த அறைக்குமாக ஓடினாள். "அழகுத்தாயி, நீ போடுறது அவன் திரையில தானா வரும்ல? பொறவு எதுக்கு இம்புட்டு கத்துற?"

"சரி டீச்சர்" என்று நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். டீச்சர் வாசலைத் தாண்டியதும், "ஏலே, ரெண்டாவது வரிசை, எட்டாவது கட்டம் சேப்பு! நாக்கு!" என்றாள்.

சொன்ன பேச்சைக் கேட்டால்தானே! காஞ்சனாவுக்கு அழுகையே வந்துவிட்டது. போச்சு, எட்டு மாத உழைப்பும் இந்த இரண்டு வாய்களால் போச்சு.

தேவஇரக்கம் எழுந்தார். இந்தத் திரையில் கட்டம் கட்டமாக எண்ணினார். அடுத்த அறைக்குப் போய் எண்ணினார். சந்தேகம் தீராமல் திரும்பி வந்து மறுபடியும் எண்ணினார். காஞ்சனா முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"ரெண்டுலயும் ஒரே நாய்! ஒரு கட்டம்கூட மாறலையேம்மா!" என்று கையைத் தட்டினார். "பிரமாதம்! பத்துப் பள்ளிக்கூடத்துக்கும் இன்னைக்கே எழுதிடுறேன்."

காஞ்சனாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஜீப்பில் ஏறும்போது அவர் சொன்னார்: "ஒரே ஒரு குறைம்மா. சத்தம் காது கிழியுது. அதான் மெஷினே எல்லாத்தையும் கொண்டு சேக்குதே, பிள்ளைங்க எதுக்குக் கத்தணும்? அடுத்த பள்ளிக்கூடத்துல வாய்க்கு ஒரு பூட்டு போட்ருங்க."

ஜீப் கிளம்பியதும் காஞ்சனா விறுவிறுவென்று உள்ளே வந்தாள். சந்தோஷம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். "மானத்த வாங்கிட்டீங்களே! அம்புட்டு தடவ சொல்லியும் ஏன் கத்துனீங்க?"

பாண்டி அழகுத்தாயைப் பார்த்தான். அழகுத்தாய் தொண்டை கட்டிய குரலில் சொன்னாள்:

"கருத்தையா தாத்தா இழுத்து இழுத்துப் பாத்தாரு டீச்சர், அந்த ரூமுக்கு வயரு எட்டவே இல்ல. அதான் அம்புட்டையும் நாங்களே வாயால அனுப்பிட்டோம்."