நடு நாற்காலி

“எவ்வளவு கொட்டினாலும் இவங்களுக்குப் பத்தாது! இதை அப்படியே சொல்லுங்க.”

வெளிநாட்டுத் தூதர் தன் மொழியில் பொரிந்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

மேசைக்கு எதிர்ப்பக்கம் நிவாரணத் துறை அமைச்சர். இரண்டு பேருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர். அவள் உட்கார்ந்த பேச்சுவார்த்தை எதுவும் முறிந்ததில்லை என்று இலாகாவில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. எப்படி என்பது அவளுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

அமைச்சர் பக்கம் திரும்பினாள். “எவ்வளவு கொடுத்தாலும் தனக்கு மனசு நிறையலைன்னு சொல்றார், ஐயா.”

அமைச்சருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கட்சிக்காரர்கள் முகம் மலர்ந்தார்கள். தூதர் பக்கத்தில் அவருடைய நாட்டு அதிகாரி அம்மா ஒருவர், பேச்சையெல்லாம் விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

புயல் அடித்து ஆறு நாள் ஆகிறது. தீவில் கிணறெல்லாம் உப்புத் தண்ணீர். துறைமுகத்தில் தூதரின் நாட்டுக் கப்பல் நிற்கிறது, வயிறு நிறைய தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரங்களோடு. கையெழுத்து விழுந்தால்தான் அவை இறங்கும். தீவு முகாமில் நர்ஸாக இருக்கும் அவளுடைய தங்கை காலையில்தான் போன் செய்திருந்தாள். “அக்கா, பிள்ளைங்களுக்கு வாய் நனைக்கத் தண்ணி இல்லை. சட்டுனு பேசி முடிக்கச் சொல்லேன்!”

அமைச்சர் தொண்டையைச் செருமினார். “ஏம்மா, இவர்கிட்டே சொல்லு. இந்தப் பணக்கார நாடுங்க எங்களுக்குக் கொடுக்கறது, அவங்க ஊர் நாய்க்கு வாங்கிப் போடற பிஸ்கட்டுக்குக்கூட ஈடாகாது. அதுக்கும் முன்னாடியே வந்து நின்னு போட்டோ எடுத்துக்கறாங்க!”

பின்வரிசையில், “சரியான போடு!” என்று ஒரு குரல்.

அவள் தூதரைப் பார்த்துச் சிரித்தாள். “உங்க உதவியை ஊரே பார்க்கணும்னு அமைச்சர் ஆசைப்படறார். உங்களோட நின்னு போட்டோ எடுத்துக்கணுமாம்.”

அதிகாரி அம்மா திருப்தியாகத் தலையசைத்து எழுதிக்கொண்டார்.

தூதர் விடவில்லை. “இதுக்கு முன்னாடி வந்த மூணு புயலுக்கும் நாங்கதான் கொடுத்தோம். எங்க ஜனங்க வாயைக் கட்டி வயித்தைக் கட்டிக் கட்டின வரி அது. நன்றின்னு ஒரு வார்த்தை உண்டா? போன தடவை அனுப்பின கம்பளியைக்கூடக் குறை சொன்னாங்க!”

“மூணு புயல்லயும் கூட நின்னோம், இதுலயும் நிப்போம்னு சொல்றார், ஐயா. கம்பளி எப்படி இருந்துதுன்னு விசாரிக்கிறார்.”

“கம்பளியா? வெயில் மண்டையைப் பிளக்கற தீவுக்குக் கம்பளி அனுப்பின மகானுபாவங்களாச்சே! கொடுக்கறவங்களுக்குக் கொஞ்சமாவது புத்தி வேணாம்?”

அவள் தூதர் பக்கம் திரும்பினாள். “கம்பளி ரொம்பக் கதகதப்பா இருந்ததாம், சார். இப்போ வெயில் காலம்கிறதால, தண்ணி இயந்திரம் கிடைச்சாப் போதும்கிறார்.”

தூதர் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். கண்டுபிடித்துவிட்டாரோ? மாற்றிச் சொன்னது தெரிந்தால் வேலையோடு மானமும் போகும்.

இருமல் நின்றது. “பத்து இயந்திரம். அதுக்கு மேல ஒண்ணுகூடக் கிடையாது.”

“முதல்ல பத்து தர்றாராம், ஐயா. போதலைன்னா தயங்காமச் சொல்லணுமாம்.”

அமைச்சர் மேசையில் ஓங்கி ஓர் அறை விட்டார். காபிக் கோப்பைகள் துள்ளின. “பத்தா? பல் விளக்கக்கூடப் பத்தாது! ஒண்ணும் வேணாம், எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு!”

பின்வரிசை கைதட்டியது. தூதர் புருவத்தை உயர்த்தி அவளைப் பார்த்தார். அந்த அறையை எந்த மொழியில் மாற்றுவது? தங்கையின் குரல் காதில் கேட்டது.

“சந்தோஷம் தாங்கலை, சார், அமைச்சருக்கு. அதான் மேசையைத் தட்டிட்டார். இனிமே தாமதம் ஒண்ணும் வேணாம்கிறார். பத்தோட இன்னொரு பத்து கிடைச்சா மொத்தத் தீவும் உங்களைக் கையெடுத்துக் கும்பிடும்னு, எல்லாரும் கைதட்டிக் கேட்டுக்கறாங்க.”

அதிகாரி அம்மாவுக்கே கண் கலங்கிவிட்டது.

“இவ்வளவு பணிவாக் கேட்டா நான் என்ன பண்றது?” தூதர் பெருமூச்சோடு பேனாவைத் திறந்தார். “இருபதுன்னு எழுதுங்க.”

“இருபது தர்றாராம், ஐயா.”

“மிரட்டினதுல ஆடிப்போயிட்டாருய்யா!” என்று கட்சிக்காரர்கள் அமைச்சரின் முதுகில் தட்டினார்கள்.

கையெழுத்து ஆனது. எல்லோரும் கலைந்தார்கள். அவள் தாழ்வாரத்துக்கு வந்து தங்கைக்கு, ‘இருபது வருது, இன்னிக்கே இறங்குது’ என்று செய்தி அனுப்பிவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

“நாளைக்கும் நீங்க வந்துடணும்மா. மருந்து பத்திப் பேசப்போறோம்.”

நம் மொழி, ஒரு பிசிறில்லாமல். நிமிர்ந்தாள். எதிரே தூதர்.

“சார்... உங்களுக்கு எங்க மொழி...?”

அவர் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து அமைச்சர் வந்து அவர் தோளில் கை போட்டார். அதிகாரி அம்மா காதில் விழாத தூரத்துக்குப் போய்விட்டாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே, தூதரின் மொழியில் சரளமாகச் சொன்னார்:

“நாளைக்கு நான் இன்னும் கொஞ்சம் பலமாத் திட்டறேன், நீங்களும் குறை வைக்காதீங்க. நம்ம ரெண்டு பக்கத்து ஆளுங்களுக்கும் அதுதான் பிடிக்குது. நடுவுல சமாளிக்கத்தான் ரெண்டு பேரும் இந்தப் பொண்ணையே கேட்டு வாங்கியிருக்கோமே!”